கொய்னா: ஒரு கசப்புப் பட்டையின் கதை

கொய்னா மாத்திரை என்ற பெயரை இன்றைய பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். பெயரைச் சொன்னதுமே முகத்தைச் சுளிப்பார்கள். அப்படி ஒரு கசப்பு! ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பைத் தூக்கித் தூக்கிப் போடும் குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, உலகின் பெரும்பகுதியில் சுமார் முந்நூறு ஆண்டுகள் நம்பியிருந்த மருந்து இதுதான்.

அந்த மாத்திரை ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. மரத்தின் பெயர் சின்கோனா. காபிச் செடி, வாசலில் பூக்கும் இட்லிப்பூ, வயல் ஓரத்தில் நிற்கும் நுணா மரம் எல்லாம் இதற்குப் பங்காளிகள். ஒரே தாவரக் குடும்பம். ஆனால் சின்கோனா பிறந்த இடம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அங்கிருந்து ரோமாபுரி, லண்டன், பாரிஸ் என்று பட்டை பயணம் போனது. பிறகு மரமே கப்பலேறி ஊட்டிக்கும் இலங்கைக்கும் ஜாவாவுக்கும் வந்து சேர்ந்தது.

இந்தப் பட்டையின் வரலாற்றைப் புரட்டினால் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைக்கிறது. "மரத்திலிருந்து எடுத்த மருந்துதானே, என்ன கெடுதல் செய்துவிடப் போகிறது?" என்று பலரும் கேட்கிறார்களே, அது சரியா? இது முதல் கேள்வி. ஒரு நல்ல மருந்தைக் கண்டுபிடித்துவிட்டால் அது நோயாளியிடம் தானாகப் போய்ச் சேர்ந்துவிடுமா? இது இரண்டாவது.

மலை மக்களும் பாதிரிமார்களும்

இன்றைய எக்வடோர் நாட்டின் தெற்கே லோகா என்ற ஊர் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மலைக்காடுகளில் சின்கோனா தானாக வளர்ந்தது. உடம்பு நடுங்கும்போது அதன் பட்டையைப் பொடித்துக் குடித்தால் நடுக்கம் அடங்கும் என்பதை அந்த மலை மக்கள் அறிந்திருந்தார்கள் என்றும், அவர்களிடமிருந்துதான் ஸ்பெயின் நாட்டுப் பாதிரிமார்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது.

பெருவில் இருந்த அந்தோனியோ தெ லா கலான்ச்சா என்ற பாதிரியார் 1630-களில் எழுதிய நூலில் இந்த மரத்தைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. லோகா பகுதியில் காய்ச்சல் மரம் என்று ஒன்று இருப்பதையும், அதன் பட்டை இலவங்கப்பட்டை நிறத்தில் இருப்பதையும், இரண்டு சிறிய வெள்ளிக் காசுகளின் எடைக்கு அந்தப் பொடியைக் கலக்கிக் கொடுத்தால் காய்ச்சல் தீர்வதையும் அவர் சொல்கிறார். தராசுக்குப் பதில் காசு! மருந்தின் முதல் அளவே இப்படித்தான் எழுத்தில் வந்திருக்கிறது.

பட்டையோடு ஒரு கட்டுக்கதையும் ஐரோப்பாவுக்குப் போனது. பெருவை ஆண்ட ஸ்பெயின் வைஸ்ராயின் மனைவி சின்ச்சோன் சீமாட்டிக்குக் கடும் காய்ச்சல் வந்ததாம், லோகாவிலிருந்து பட்டை வரவழைத்துக் கொடுத்தார்களாம், பிழைத்துக்கொண்ட அவர் ஊர் மக்களுக்கெல்லாம் அதை வாரி வழங்கினாராம். 1663-ல் இத்தாலியில் செபஸ்தியானோ பாடோ என்ற மருத்துவர் இதை எழுதி வைக்க, உலகமே நம்பிவிட்டது. ஸ்வீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1742-ல் மரத்துக்கு அந்தச் சீமாட்டியின் பெயரையே வைத்தார். அதிலும் ஓர் எழுத்தை விட்டுவிட்டதால் "சின்ச்சோன்" போய் "சின்கோனா" ஆனது. இரண்டு நூற்றாண்டுகள் கழித்து வைஸ்ராயின் நாட்குறிப்புகளைத் தேடிப் படித்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அந்த அம்மாளுக்கு அப்படி ஒரு காய்ச்சலும் வந்ததாகக் குறிப்பே இல்லை!

அரை டம்ளர் ஒயினில் ஒரு ரகசியம்

பட்டையை ரோமாபுரிக்குக் கொண்டு சேர்த்தவர்கள் இயேசு சபைப் பாதிரிமார்கள். லிமா நகரில் அவர்கள் மருந்தகத்தைக் கவனித்துவந்த சலும்பிரினோ என்பவர் வழியாகப் பட்டை அங்கே போனது. ரோமாபுரியைச் சுற்றிலும் அப்போது சதுப்பு நிலம், கொசு, காய்ச்சல். கர்தினால் தெ லூகோ என்பவர் ஏழைகளுக்கு இலவசமாகவே பட்டைப் பொடியைக் கொடுத்தார். 1649-ல் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளில் மருந்து சாப்பிடும் முறையும் வந்தது. பட்டையை நன்றாகப் பொடித்து, சுமார் 7 கிராம் எடுத்து, ஒயினில் ஊறவைத்து, குளிர் தொடங்கும் நேரத்தில் குடிக்க வேண்டும்.

இதில் மதச் சண்டை வேறு புகுந்துகொண்டது. பாதிரிமார்கள் கொண்டுவந்ததால் அதற்கு "இயேசு சபைப் பொடி" என்றே பெயர். கத்தோலிக்கர்களைப் பகைத்த இங்கிலாந்தில் பலர் அதைத் தொடவே பயந்தார்கள். நம்மைக் கொல்ல அனுப்பிய விஷம் என்றுகூடப் பேச்சு.

அந்தப் பயத்தை ஒருவர் பணமாக்கினார்! அவர் பெயர் ராபர்ட் டால்பர். முறையாக மருத்துவம் படித்தவர் இல்லை, மருந்துக் கடையில் வேலை பழகியவர். இங்கிலாந்தின் சதுப்பு நிலக் கிராமங்களில் தங்கி, குளிர்காய்ச்சலுக்கு ஒரு ரகசிய மருந்து கொடுத்துப் புகழ் பெற்றார். 1672-ல் அவர் எழுதிய புத்தகத்தில், இயேசு சபைப் பொடியைக் கண்டபடி கொடுப்பவர்களிடம் ஜாக்கிரதை என்று எச்சரிக்கை வேறு செய்திருந்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸின் காய்ச்சலைத் தீர்த்தார், பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் மகனையும் குணப்படுத்தினார். லூயி பெரும் தொகை கொடுத்து அந்த ரகசியத்தை வாங்கிக்கொண்டார். ஆனால் டால்பர் உயிரோடு இருக்கும்வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை. 1681-ல் டால்பர் இறந்தார், அடுத்த ஆண்டு ரகசியம் புத்தகமாக வந்தது. என்ன மருந்து தெரியுமா? ஒயினில் கலந்த சின்கோனா பட்டை! ஜாக்கிரதை என்று அவர் சொன்ன அதே பொடி!

சிலருக்குக் கேட்டது, சிலருக்கு ஏன் கேட்கவில்லை?

டால்பர் வியாபாரி என்றாலும் ஒரு விஷயத்தில் கெட்டிக்காரர். எவ்வளவு கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும் என்பதைப் பல நோயாளிகளைப் பார்த்துப் பழகியிருந்தார். மற்ற மருத்துவர்கள் தடுமாறியது அங்கேதான். ஒருவருக்கு ஒரே நாளில் காய்ச்சல் நின்றது. இன்னொருவருக்கு மூட்டை மூட்டையாகப் பட்டை கொடுத்தும் ஒன்றும் ஆகவில்லை. இதற்கு மூன்று காரணங்கள்.

முதல் காரணம் நோய். எல்லாக் காய்ச்சலும் மலேரியா கிடையாது. இத்தாலியின் ஃபிரான்செஸ்கோ டோர்ட்டி 1712-ல் எழுதிய நூலில், விட்டு விட்டு வரும் முறைக்காய்ச்சலுக்கு மட்டுமே இந்தப் பட்டை கேட்கும் என்பதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். டைபாய்டுக்கும் அம்மைக்கும் கொடுத்தால் கசப்புதான் மிச்சம்.

இரண்டாவது காரணம் கலப்படம். பட்டையின் விலை ஏற ஏற, பார்வைக்கு அதே போலிருக்கும் வேறு மரப்பட்டைகளைக் கலந்து விற்றார்கள். கசப்பாக இருந்தால் போதும், வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது காரணம்தான் மிக முக்கியமானது. அசல் சின்கோனாவிலேயே பல இனங்கள் உண்டு. சத்து எல்லாவற்றிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரோமாபுரித் துண்டுத்தாள் சொன்ன 7 கிராம் பொடியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையில் 1 சதவீதம் மருந்துச் சத்து இருந்தால் நோயாளிக்குக் கிடைப்பது 70 மில்லிகிராம். 5 சதவீதம் இருந்தால் 350 மில்லிகிராம். 10 சதவீதம் இருந்தால் 700 மில்லிகிராம். தராசில் எடை ஒன்றுதான், உள்ளே போகும் மருந்து பத்து மடங்கு வித்தியாசம்! குறைந்தால் காய்ச்சல் நிற்காது, கூடினால் வேறு ஆபத்து. எந்தப் பட்டையில் எவ்வளவு என்று அறிய அன்றைக்கு வழியே இல்லை.

அந்த வழி பிறந்தது 1820-ல். பாரிஸ் நகரத்தில் பெல்லெட்டியே, காவென்தூ என்ற இரு மருந்தியலாளர்கள் பட்டையிலிருந்து அதன் சத்தைத் தனியே பிரித்தெடுத்தார்கள். அதுதான் குயினைன். நம் ஊர் வாயில் கொய்னா ஆனது. அவர்கள் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, செய்முறையை எல்லோருக்கும் வெளியிட்டுவிட்டார்கள். அதன்பிறகுதான் "ஒரு சிட்டிகை", "இரண்டு காசு எடை" என்ற பேச்சு போய், இத்தனை கிரெயின் என்று அளந்து கொடுக்க முடிந்தது.

கொய்னா எப்படி வேலை செய்கிறது என்பது அதற்கும் வெகுகாலம் கழித்தே புரிந்தது. மலேரியாக் கிருமியை அல்ஜீரியாவில் லாவெரான் 1880-ல் கண்டார். அது கொசுவுக்குள் வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தார். அந்தக் கிருமி நம் ரத்தச் சிவப்பணுவுக்குள் உட்கார்ந்து ஹீமோகுளோபினைத் தின்னும். தின்றதில் மிஞ்சும் இரும்புச் சத்துள்ள கழிவு கிருமிக்கே விஷம். அதனால் அதைப் படிகமாக மாற்றி ஓரத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்ளும். அந்த வேலையைக் கொய்னா தடுக்கிறது என்று அறிவியலாளர்கள் கருதுகிறார்கள். தன் குப்பையிலேயே கிருமி மூச்சுமுட்டிச் சாகிறது.

ஊட்டிக்கு வந்த மரம்

19-ம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலேயருக்கு ஒரு கவலை. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் சிப்பாய்களும் அதிகாரிகளும் மலேரியாவில் விழுகிறார்கள். மருந்துக்கோ ஆண்டிஸ் காடுகளை நம்பி இருக்க வேண்டும். அங்கே மரத்தை வெட்டி வெட்டிப் பட்டை உரித்ததில் காடு சுருங்கிக்கொண்டே போனது. பெருவும் பொலிவியாவும் விதையும் நாற்றும் வெளியே போவதை விரும்பவில்லை. எனவே மரத்தையே கிளப்பிக் கொண்டுவர 1860-ல் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவரை அனுப்பினார்கள்.

மார்க்கம் சேகரித்த நாற்றுகள் செங்கடல் வெயிலில் வாடி, ஊட்டிக்கு வந்த கொஞ்சமும் பட்டுப்போயின. எக்வடோர் பக்கம் ரிச்சர்ட் ஸ்புரூஸ் சேகரித்த சிவப்புப் பட்டை இனம்தான் 1861-ல் பிழைத்து வந்து வேர்பிடித்தது. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மெக்ஐவர் அவற்றைத் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிராக்கினார். மலாய்த் தீபகற்பத்திலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளையும் அந்தத் தோட்டங்களில் வேலை வாங்கினார்கள். விடுதலைக்குப் பின் சிலர் அந்த மலையிலேயே தமிழ்ப் பெண்களை மணந்து தங்கிவிட்டார்கள்.

மெக்ஐவர் ஒரு நல்ல உத்தியும் கண்டுபிடித்தார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரித்து எடுத்துவிட்டு, காயத்தின்மேல் பாசியைச் சுற்றிக் கட்டினார். உரித்த இடத்தில் புதுப் பட்டை வளர்ந்தது, அதில் சத்தும் கூடுதலாக இருந்தது. பொன் முட்டையிடும் வாத்தை அறுக்காமல் முட்டையை மட்டும் எடுக்கும் வேலை!

ஆனால் சிவப்புப் பட்டையில் குயினைன் குறைவு, அதன் கூடப்பிறந்தவை போன்ற சின்கோனைன், சின்கோனிடைன் ஆகியவை அதிகம். இவற்றுக்கும் காய்ச்சல் கேட்குமா? இந்தக் கேள்விக்காக 1866 முதல் 1868 வரை சென்னை, பம்பாய், கல்கத்தா மாகாணங்களில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கு நான்கு வகைச் சத்துகளையும் தனித்தனியே கொடுத்துச் சோதித்தார்கள். நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்தன. நூற்றுக்கு 98 பேருக்கு மேல் குணம். ஆக, குயினைனை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவில்லாமல், எல்லாச் சத்தும் கலந்த மலிவான காய்ச்சல் மருந்து செய்யலாம் என்று தெரிந்தது. டார்ஜிலிங் அருகே மங்பூவில் அப்படி ஒரு மருந்து தயாரானது.

1892-ல் வங்காளத்தில் இன்னும் ஒரு படி போனார்கள். கொய்னாவைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, பொட்டலம் ஒரு பைசா என்று தபால் ஆபீசிலேயே விற்றார்கள். டாக்டர் இல்லாத ஊரிலும் தபால் ஆபீஸ் உண்டல்லவா? இந்த ஏற்பாடு பின்பு மற்ற மாகாணங்களுக்கும் பரவியது.

விதை கொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது?

சந்தையை வென்றது ஆங்கிலேயர் அல்ல, டச்சுக்காரர்கள். அதற்குக் காரணம் ஒரு பொலிவிய மலைவாசி. பெயர் மானுவெல் இன்க்ரா மமானி. ஐமாரா இனத்தவர். சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேய வியாபாரியிடம் வேலை பார்த்தவர். எந்த மரத்தில் சத்து அதிகம் என்று பார்த்தே சொல்லும் அனுபவம் அவருக்கு இருந்தது. உறைபனியில் பூக்கள் கருகிப்போனதால் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1865-ல் நல்ல விதைகளை லெட்ஜரிடம் கொண்டுவந்து சேர்த்தார்.

விதைகள் லண்டனுக்குப் போயின. ஆங்கில அரசு வேண்டாம் என்றது. டச்சு அரசு ஒரு பவுண்டு எடை மட்டும் வாங்கி ஜாவாவில் விதைத்தது. அந்த மரங்களின் பட்டையைச் சோதித்தபோது குயினைன் 10 சதவீதத்தையும் தாண்டியது! நீலகிரிச் சிவப்புப் பட்டையால் பக்கத்தில்கூட வர முடியவில்லை.

மமானியின் முடிவு வேறு விதம். மறுபடியும் விதை சேகரிக்கப் போனபோது பொலிவிய அதிகாரிகள் பிடித்துச் சிறையில் அடைத்து, அடித்து வதைத்தார்கள். அந்தக் கொடுமையில் 1871-ல் அவர் இறந்தார். லெட்ஜருக்கு வயதான காலத்தில் டச்சு அரசு பென்ஷன் கொடுத்தது.

இதே காலத்தில் இலங்கையில் வேறொரு கூத்து நடந்தது. 1869-ல் தொடங்கிய இலைத்துரு நோயில் காபித் தோட்டங்கள் அழிய, துரைமார்கள் அவசர அவசரமாகச் சின்கோனாவை நட்டார்கள். 1880-களின் நடுவில் ஏற்றுமதி ஆண்டுக்குச் சுமார் ஒன்றரைக் கோடி பவுண்டு எடையைத் தொட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் விலை என்ன ஆகும்? கொய்னா விலை பத்தே ஆண்டுகளில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது. துரைமார்கள் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலைக்குத் தாவினார்கள். காபிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் தமிழகத்திலிருந்து போன தொழிலாளர்களின் கைகள்தான் இந்த மரத்தையும் நட்டன, பிடுங்கவும் செய்தன.

விலைச் சரிவைத் தாக்குப்பிடித்தது சத்து மிகுந்த ஜாவா பட்டை மட்டுமே. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஜாவாவிலிருந்து வந்தது. 1913-ல் தோட்டக்காரர்களும் தொழிற்சாலைக்காரர்களும் ஆம்ஸ்டர்டாமில் ஒப்பந்தம் போட்டு, பட்டையின் விலையையும் உற்பத்தியையும் தங்கள் கைக்குள் வைத்துக்கொண்டார்கள். வணிகவியல் பாடத்தில் கார்ட்டல் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. மலிவாகிப் பெருக வேண்டிய மருந்து, விலை விழாதிருக்கும் அளவுக்கு மட்டுமே சந்தைக்கு வந்தது. மலேரியாவில் அதிகம் செத்த இந்தியக் கிராமங்களுக்குத் தேவையான அளவு கொய்னா ஒருபோதும் எட்டவில்லை.

இந்த ஏற்பாட்டின் உண்மையான விலை போர்க்காலத்தில் தெரிந்தது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் உலகத்தின் கொய்னா வரத்து ஒரே நாளில் நின்றதுபோல் ஆனது. அடுத்த ஆண்டு வங்காளத்தில் பெரும் பஞ்சம். பட்டினியில் மெலிந்த உடம்புகளை மலேரியா வாரிக்கொண்டு போனது. கொய்னா கள்ளச்சந்தைக்குப் போனது, கலப்படமும் சேர்ந்தது. பைசாவுக்கு விற்ற மருந்து கண்ணில்படாமல் போனதும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம்.

காதில் மணி அடித்தால்...

இனி முதல் கேள்விக்கு வருவோம். இயற்கையான பட்டை, அதனால் தீங்கில்லையா?

கொய்னாவில் குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சரியான அளவில் சாப்பிடும்போதே பலருக்குக் காதில் இரைச்சல் கேட்கும், தலை வலிக்கும், குமட்டும், காது சற்று மந்தமாகும், பார்வை மங்கும். இந்தத் தொகுப்புக்கே மரத்தின் பெயரால் "சின்கோனிசம்" என்று பெயர். மருந்தை நிறுத்தினால் பொதுவாகச் சரியாகிவிடும். அளவு மிஞ்சினால் கண் பார்வை போகலாம், இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். கணையத்தைத் தூண்டி ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். சிலருக்கு ஒவ்வாமையால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்துபோகும். அதற்குக் கொஞ்சமே சாப்பிட்டாலும் போதும்.

பழைய காலத்தில் ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்த ஐரோப்பியர்கள் நினைத்தபோது சாப்பிட்டு நினைத்தபோது விட்டார்கள். அப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு சிவப்பணுக்கள் ஒட்டுமொத்தமாக உடைந்து சிறுநீர் கறுப்பாகப் போகும் கொடிய நோய் வந்தது. காய்ச்சலில் பிழைத்தவர்கள் இதில் இறந்தார்கள்.

ஆபத்திலிருந்தே இன்னொரு மருந்து பிறந்ததும் உண்டு. கீழைத் தீவுகளில் வியாபாரம் செய்த டச்சுக்காரர் ஒருவர், கொய்னா சாப்பிட்டால் தன் தாறுமாறான நாடி மறுநாள் காலையில் ஒழுங்காகிவிடுகிறது என்று மருத்துவர் வென்கெபாக்கிடம் சொன்னார். மருத்துவர் முதலில் நம்பவில்லை. வியாபாரி செய்தே காட்டினார்! வென்கெபாக் 1914-ல் இதை எழுத, பட்டையின் இன்னொரு சத்தான குயினிடைன் பிறகு இதய மருந்தானது. இதயத்தைப் பாதிக்கும் அதே குணம், அளந்து கொடுத்தபோது வைத்தியமானது.

கால் சதைப் பிடிப்புக்கும் கொய்னா சாப்பிடும் பழக்கம் பல நாடுகளில் இருந்தது. கிடைக்கும் பலனைவிட ஆபத்து பெரிது என்று சொல்லி, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-ல் அதற்காகக் கடையில் சும்மா விற்பதை நிறுத்தியது. டானிக் வாட்டர் என்று குளிர்பானமாக விற்பதிலும் கொய்னா உண்டு. அமெரிக்காவில் லிட்டருக்கு 83 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது விதி. மலேரியாவுக்குப் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1800 மில்லிகிராம் தேவைப்படும். அதாவது 21 லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும்! டானிக் வாட்டர் குடித்து மலேரியாவைத் தீர்க்கலாம் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

பட்டையை வாங்கி வீட்டில் கஷாயம் வைப்பது இன்னும் மோசம். 1820-க்கு முந்தைய நிலைக்கே திரும்பிப் போவதாகும். அந்தப் பட்டையில் 1 சதவீதமா, 10 சதவீதமா என்று அடுப்புக்கும் தெரியாது, பாத்திரத்துக்கும் தெரியாது.

இன்று கொய்னா எங்கே?

போருக்குப் பின் குளோரோகுயின் போன்ற செயற்கை மருந்துகள் வந்து கொய்னாவை ஓரங்கட்டின. அவற்றுக்குக் கிருமி பழகிவிட்டபோது மீண்டும் கொய்னாவைத் தேடினார்கள். அதன் பிறகு, சீனாவின் பழைய மருத்துவ நூல்களைப் படித்து து யூயூ என்ற பெண் விஞ்ஞானி 1970-களில் ஒரு செடியிலிருந்து ஆர்ட்டெமிசினினைக் கண்டுபிடித்தார். அதற்காக 2015-ல் நோபல் பரிசு பெற்றார். கடும் மலேரியாவில் எது சிறந்தது என்று இந்தியா உட்பட நான்கு ஆசிய நாடுகளில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. கொய்னா ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேரும், ஆர்ட்டெமிசினின் வகை மருந்தான ஆர்ட்டிசுனேட் ஊசி போட்டவர்களில் 15 சதவீதம் பேரும் இறந்தார்கள். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடத்தி 2010-ல் வெளிவந்த ஆய்வும் அதையே சொன்னது. இன்று கொய்னா மாற்று மருந்தாக மட்டுமே இருக்கிறது. முந்நூறு ஆண்டு புகழ் இருந்தாலும், சோதனையில் தோற்றதும் இடம் மாறத்தான் வேண்டியிருந்தது.

2020-ல் கொரோனா வந்தபோது ஹைட்ராக்சி குளோரோகுயினுக்கு உலகமே வரிசையில் நின்றது நினைவிருக்கும். வேதி அமைப்பில் அது கொய்னாவின் தூரத்து உறவு. மலேரியாவுக்குக் கேட்ட குடும்பம் கொரோனாவுக்கும் கேட்கும் என்ற நம்பிக்கை. பெரிய ஆய்வுகளில் பலனில்லை என்று தெரிந்தது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து கிடையாது என்று 1712-லேயே டோர்ட்டி சொல்லியிருந்தார்!

நீலகிரியின் சின்கோனாத் தோட்டங்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டங்களாகிவிட்டன. வால்பாறை அருகே சின்கோனா என்ற ஊர்ப்பெயர் மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கிறது.

மரத்தின் பெயரில் இருப்பது, அந்தப் பட்டையைச் சாப்பிட்டதாகவே ஆதாரம் இல்லாத ஒரு சீமாட்டி. சத்து மிகுந்த இனத்துக்கு வைத்த பெயர் "லெட்ஜரியானா", அதாவது விதையை விற்ற வியாபாரி. எந்த மரம் நல்ல மரம் என்று அறிந்து, பனியில் காத்திருந்து, விதை பொறுக்கி, அதற்காக உயிரையும் விட்ட மமானியின் பெயர் எந்த மாத்திரைப் பெட்டியிலும் அச்சாகவில்லை. கொய்னாவின் கணக்குப் புத்தகத்தில் வரவு எழுதப்படாமல் போன பெயர் அது. படித்தவர்களாவது அதை ஞாபகம் வைத்திருக்கலாம்.